'ஒரு குவார்ட்டர்தான், கன்ட்ரோல்லதான் இருக்கேன்': குடிப்பழக்கம் பிரச்சினையாக மாறுவதை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது எப்படி?

"நான் என்ன டெய்லியா குடிக்கிறேன்? சனி, ஞாயிறு ரெண்டு நாள்தான். அதுவும் ஒரு குவார்ட்டர்தான். மத்த அஞ்சு நாள் பாட்டில் பக்கமே போறதில்ல."

இந்த டயலாக்கைக் கேட்காதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஒழுங்காக வேலைக்குப் போகிறார், சம்பளத்தை வீட்டில் கொடுக்கிறார், ரோட்டில் விழுந்து கிடப்பதில்லை. 'குடிகாரன்' என்றதும் நம் மனதில் வரும் உருவத்துக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை.

ஆனால் உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஒரு கேள்வித்தாளில் இவர் சொன்ன இதே பதிலைப் போட்டுப் பார்த்தால், முதல் மூன்று கேள்விகளிலேயே 'ஆபத்தான குடி' என்ற கோட்டைத் தொட்டுவிடுகிறார். அது எப்படி?

குவார்ட்டருக்குள் எத்தனை 'டிரிங்க்'?

நாம் மதுவைக் கட்டிங், குவார்ட்டர், ஆஃப் என்று கணக்கு வைக்கிறோம். டாக்டர்கள் வேறு அளவு வைத்திருக்கிறார்கள். சுத்தமான ஆல்கஹால் 10 கிராம் இருந்தால் அது ஒரு 'டிரிங்க்'.

பிராந்தி, ரம், விஸ்கி பாட்டில்களின் லேபிளைப் பார்த்தால் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அந்தக் கணக்கில் 30 மில்லிக்குள் ஏறத்தாழ 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 180 மில்லி குவார்ட்டருக்குள் 60 கிராம். அதாவது 6 டிரிங்க். கட்டிங் என்று பாதியாகப் பிரித்து ஊற்றினாலும் ஆளுக்கு 3.

"நான் ஹாட் பக்கமே போறதில்ல, பீர் மட்டும்தான்" என்பவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 650 மில்லி பாட்டிலில் 5 சதவீத பீர் என்றால் இரண்டரை டிரிங்க். ஸ்ட்ராங் என்று விற்கும் 8 சதவீத பீர் என்றால் ஒரே பாட்டிலில் 4. வெயிலுக்கு இரண்டு ஸ்ட்ராங் பீர் குடித்தால் ஒரு குவார்ட்டரைத் தாண்டிவிட்டீர்கள்.

ஒரே நேரத்தில் 60 கிராமும் அதற்கு மேலும் குடிப்பதை 'அளவு மீறிய குடி' என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் ஊரில் அதுதான் 'ஒரு குவார்ட்டர்தான்'. கடையில் கிடைக்கும் சின்ன பாட்டிலே பெரும்பாலும் குவார்ட்டர். மூடியைத் திறந்தவர் பாதியை மூடி வைத்துவிட்டு வருவது அபூர்வம். எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதை நாம் முடிவு செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாட்டில் சைஸ் அதை முன்னாடியே முடிவு செய்துவிட்டது.

10 கேள்வி, 40 மார்க்

அந்தக் கேள்வித்தாளின் பெயர் 'ஆடிட்'. 1980-களில் ஆறு நாடுகளில் நடந்த ஆய்வை வைத்து உருவாக்கப்பட்டது. உலகம் முழுக்க இன்றும் டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள். மொத்தம் 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க். இங்கே மார்க் கூடினால் சந்தோஷப்படக் கூடாது, அவ்வளவுதான்.

நம்முடைய சனி, ஞாயிறு ஆசாமியை இதில் உட்கார வைப்போம்.

முதல் கேள்வி, எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிக்கிறீர்கள்? வாரத்துக்கு 2-3 முறை என்றால் 3 மார்க். இரண்டாவது, குடிக்கும் நாளில் எத்தனை டிரிங்க்? 5 அல்லது 6 என்றால் 2 மார்க். மூன்றாவது, ஒரே நேரத்தில் 6 டிரிங்க் அல்லது அதற்கு மேல் குடிப்பது எத்தனை நாளுக்கு ஒருமுறை? வாரா வாரம் என்றால் 3 மார்க்.

மொத்தம் 8. இன்னும் 7 கேள்விகள் பாக்கி.

8 முதல் 15 வரை ஆபத்தான குடி. 16 முதல் 19 வரை உடம்பையும் மனசையும் பாதிக்கும் குடி. 20-க்கு மேல் போனால் அடிமைத்தனம் இருக்கிறதா என்று ஸ்பெஷலிஸ்ட் பார்த்தே ஆக வேண்டும்.

மீதி ஏழு கேள்விகள் எதைப் பற்றி? ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியாமல் போயிருக்கிறதா, குடியால் செய்ய வேண்டிய வேலையைக் கோட்டை விட்டிருக்கிறீர்களா, காலையில் எழுந்ததும் குடித்தால்தான் நிதானம் வருகிறதா, குடித்த பிறகு குற்ற உணர்வு வந்ததா, முந்தின ராத்திரி நடந்தது மறந்துபோயிருக்கிறதா, உங்களுக்கோ அடுத்தவருக்கோ அடிபட்டதா, வீட்டிலோ டாக்டரோ குறைக்கச் சொன்னார்களா. அவ்வளவுதான். இந்த மார்க்கை மட்டும் வைத்து உங்களுக்கு நோய் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் 8-ஐத் தாண்டியவர் 'எனக்கு ஒண்ணுமில்ல' என்று சொல்வதற்கு முன் ஒருமுறை யோசிக்கலாம்.

'எவ்வளவு அடிச்சாலும் ஸ்டெடி'

நண்பர்கள் வட்டத்தில் இது பாராட்டு. "மச்சான் ஆஃப் அடிச்சாலும் அசர மாட்டான்" என்று பெருமையாகச் சொல்வார்கள். டாக்டர் காதில் இதே வாக்கியம் எச்சரிக்கை மணியாகக் கேட்கும்.

மது தொடர்ந்து உள்ளே போகப் போக மூளை அதற்குத் தகுந்த மாதிரி தன்னை மாற்றிக்கொள்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கட்டிங்கில் வந்த கிக், இப்போது குவார்ட்டர் போட்டால்தான் வருகிறது. தள்ளாட்டம் குறைந்துவிட்டது என்பதால் ஈரல் தப்பித்தது என்று அர்த்தமில்லை. அதற்கு வருகிற ஆல்கஹால் கிராம் கணக்கு அப்படியேதான் இருக்கிறது, சொல்லப்போனால் கூடிவிட்டது.

எனவே இன்று எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதோடு, போன தீபாவளிக்கு எவ்வளவு குடித்தீர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். யுபிஐ-யில் வாங்கும் பழக்கம் இருந்தால் ஆறு மாத ஹிஸ்டரியை ஸ்க்ரோல் பண்ணினால் போதும். நம் ஞாபகம் நமக்குச் சாதகமாகப் பேசும், அது பேசாது.

கடிகாரத்தைக் கவனியுங்கள்

ஆரம்ப அறிகுறிகள் அளவில் தெரிவதற்கு முன் நேரத்தில் தெரிய ஆரம்பிக்கும்.

டாஸ்மாக் கடை மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும். சாயங்காலம் நாலு மணியிலிருந்தே மனசு அந்தப் பக்கம் போய்விடுகிறதா? மீட்டிங் இழுத்துக்கொண்டே போனால், 'கடை மூடிடுவானே' என்ற பதற்றம் வருகிறதா? கல்யாண ரிசப்ஷனுக்குப் போகும் வழியிலேயே, அங்கே கிடைக்குமோ கிடைக்காதோ என்று ஒரு ரவுண்டு முடித்துவிட்டுப் போகிறீர்களா? ராத்திரியே வாங்கி, வண்டி சீட்டுக்கு அடியிலோ பீரோ மேலேயோ நாளைக்கு என்று ஒன்றை வைத்துவிட்டுத் தூங்குகிறீர்களா?

இதற்கெல்லாம் ஒரு நல்ல பரீட்சை 'டிரை டே'. காந்தி ஜெயந்திக்கு கடை லீவு என்பது எல்லோருக்கும் தெரியும். அக்டோபர் 1-ம் தேதி ராத்திரி நீங்கள் என்ன செய்கிறீர்கள்? லீவு என்பதே ஞாபகம் இல்லாமல் கடந்து போகிறவர் ஒரு ரகம். முன்னாடியே ஸ்டாக் வைப்பவர் இன்னொரு ரகம். மறந்துபோய், அன்றைக்கு பிளாக்கில் இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்க அலைகிறவர் மூன்றாவது ரகம். மூன்றாவது நபருக்குக் கேள்வித்தாளே தேவையில்லை.

பேச்சில் தெரியும், வீட்டில் தெரியும்

"நேத்து நைட் நான் ஏதாச்சும் பேசினேனா?" என்று நண்பனுக்குக் காலையில் போன் போடுவது சினிமாவில் காமெடி. நடந்தே வீட்டுக்கு வந்திருப்பார், பேசியிருப்பார், ஆனால் எதுவும் ஞாபகம் இருக்காது. தூக்கத்தில் மறந்த கதையில்லை இது. அந்த நேரத்தில் மூளை எதையும் பதிவே செய்யவில்லை. ஒருமுறை நடந்தாலே கவனிக்க வேண்டிய விஷயம். அடிக்கடி நடந்தால் தாமதிக்கக் கூடாது.

1984-ல் ஜான் யூயிங் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் நாலே நாலு கேள்விகளை வெளியிட்டார். குறைக்கணும்னு உங்களுக்கே தோணியிருக்கா? யாராவது உங்க குடியைப் பத்திப் பேசினா எரிச்சல் வருதா? குடிச்சதுக்காகக் குற்ற உணர்வு வந்திருக்கா? காலையில் எழுந்ததும் குடிக்கத் தோணியிருக்கா? இரண்டுக்கு 'ஆமாம்' என்றால் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

இதில் அந்த இரண்டாவது கேள்வி ரொம்ப முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. உப்பைக் குறைக்கச் சொன்னால் யாரும் தட்டைத் தூக்கி எறிவதில்லை. குடியைப் பற்றி மெதுவாகக் கேட்டாலே ஒருவருக்குச் சுள்ளென்று ஏறுகிறது என்றால், அவரும் உள்ளுக்குள் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

கணக்கைக் குறைத்துச் சொல்வது, வாசனை தெரியாமலிருக்க பாக்கு, மிட்டாய் போடுவது, மொட்டை மாடியில் காலி பாட்டில் ஒளித்து வைப்பது, முன்பு இருந்த கிரிக்கெட், சினிமா, குழந்தையோடு பார்க் என்பதெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று போவது, இதெல்லாம் வீட்டில் இருப்பவர்கள் கண்ணில் முதலில் படும். குழந்தைகள் இன்னும் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்பா பைக் வந்து நிற்கும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு எப்படி என்று தெரிந்துகொள்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வண்டி சத்தம் கேட்டதும் டிவியை அணைத்துவிட்டு ரூமுக்குப் போகிற பிள்ளை இருக்கும் வீட்டில், 'யாருக்கும் தொந்தரவு இல்லாம குடிக்கிறேன்' என்ற வாதம் எடுபடாது.

பெண்கள் விஷயத்தில் ஒன்று. உடம்பில் நீரின் அளவு குறைவு என்பதால் அதே அளவு மது பெண்களுக்கு வேகமாகவும் அதிகமாகவும் பாதிப்பைத் தரும். ஊர் பேச்சுக்குப் பயந்து டாக்டரிடம் மறைப்பதும் பெண்களிடம் அதிகம். கர்ப்பிணிகளுக்கு ஒரு சொட்டுகூட கூடாது.

'மாலை போட்டா நிறுத்திடறாரே, அப்புறம் என்ன?'

நம் ஊருக்கே உரிய வாதம் இது. கார்த்திகை பிறந்து மாலை போட்டால் ஒரு மண்டலம் தொடுவதில்லை. கோயிலில் கயிறு கட்டினால் ஆறு மாசம் தொடுவதில்லை. "நினைச்சா நிறுத்த முடியுதே, அப்போ நான் அடிமை கிடையாது."

நிறுத்த முடிகிறது என்பது நல்ல செய்திதான், அதைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். விரதம் என்பது ஊரே கூட நின்று கொடுக்கும் சப்போர்ட். யாரும் வற்புறுத்த மாட்டார்கள், 'சாமி' என்று கூப்பிடுவார்கள், சேரும் ஆட்களும் மாறிவிடுவார்கள். பார்க்க வேண்டியது மாலை கழற்றிய அடுத்த 48 மணி நேரத்தை. விட்ட இடத்திலிருந்தே, விட்ட அளவிலேயே, சில நேரம் அதைவிட அதிகமாக ஆரம்பிக்கிறாரா? மாலை போட்டிருந்தபோது நாள் எண்ணிக்கொண்டிருந்தாரா? அப்படியென்றால் குடி நின்றிருக்கிறது, பிரச்சினை நிற்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்கலாம். மாலை போட்ட முதல் நாலு நாள் எப்படி இருந்தது? தூக்கம் வராமல், வியர்த்து, கை லேசாக நடுங்கி, எரிந்து விழுந்தால் உடம்பு மதுவுக்குப் பழகிவிட்டது என்று பொருள்.

உடம்பு தரும் க்ளூ

குடித்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்பார்கள். சீக்கிரம் தூங்க வைக்கும், உண்மை. ஆனால் இரண்டு, மூன்று மணிக்கு முழிப்பு தட்டும், பிறகு தூக்கம் வராது. காலையில் பல் தேய்க்கும்போது குமட்டல், அடிக்கடி நெஞ்செரிச்சல், மாத்திரை போட்டும் இறங்காத பிபி, காரணமில்லாத பதற்றம் எல்லாம் இந்த லிஸ்டில் வரும்.

ஆபீஸில் மாஸ்டர் செக்-அப் செய்தால் ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர்' என்று வந்திருக்கும். ஈரல் பரிசோதனையில் ஜி.ஜி.டி என்ற வரி கூடியிருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். இவை வேறு காரணங்களாலும் கூடலாம், அதனால் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாதியாகக் குறைத்துச் சொன்னால் சிகிச்சையும் பாதியாகத்தான் கிடைக்கும். மதுவால் வந்த ஃபேட்டி லிவர், குடியை நிறுத்திய சில வாரங்களிலேயே குறைய ஆரம்பிக்கும். சிரோசிஸ் வரை போய்விட்டால் அந்தச் சலுகை கிடையாது.

வண்டி ஓட்டுபவர்களுக்கு ஒரு கணக்கு. ஈரல் ஒரு டிரிங்க்கைக் கழிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும். ராத்திரி 11 மணிக்கு ஒரு குவார்ட்டரை முடித்தவர், விடிகாலை 4 மணிக்கு ஸ்டியரிங் பிடித்தால் ரத்தத்தில் இன்னும் மது இருக்கலாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 10 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, சில நேரம் இரண்டும்.

சரி, இப்போ என்ன செய்வது?

மார்க் 8-லிருந்து 15-க்குள், காலையில் கை நடுக்கம் கிடையாது என்றால் இது கையைவிட்டுப் போகாத கட்டம். இந்தக் கட்டத்தில் டாக்டரோ நர்ஸோ ஐந்து, பத்து நிமிடம் உட்கார்ந்து பேசும் எளிய ஆலோசனையே பலருக்குக் குடியைக் குறைக்க உதவுகிறது என்பது பல நாடுகளில் பார்க்கப்பட்ட விஷயம். அட்மிஷன், மாத்திரை எதுவும் தேவைப்படாமலே போகலாம்.

நாலு வாரத்துக்கு போன் நோட்ஸில் எழுதுங்கள். தேதி, எத்தனை டிரிங்க், யார்கூட, என்ன மூட். மில்லி கணக்கு வேண்டாம், டிரிங்க் கணக்கு. நாலாவது வாரம் படித்தால் ஒரு பேட்டர்ன் தெரியும். சிலருக்கு சம்பள நாள், சிலருக்கு மேனேஜர் திட்டிய நாள், சிலருக்கு ஒரே ஒரு நண்பன். அந்த நண்பனை டீக்கடையில் பார்க்க முடியுமா என்று யோசியுங்கள். குடிக்கணும் என்ற உந்துதல் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். அந்த அரை மணி நேரத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுவதும், கடை இருக்கும் ரோட்டை விட்டு வேறு ரோட்டில் வருவதும் அறிவுரையை விட நன்றாக வேலை செய்யும்.

"ஒரே ஒரு ரவுண்டு மச்சி" என்று இழுப்பவர்களிடம் தத்துவம் பேசாதீர்கள். "மாத்திரை சாப்பிடுறேன்டா, டாக்டர் கூடாதுன்னுட்டார்" என்றால் விஷயம் முடிந்தது. இந்தப் பொய்க்குப் பாவம் கிடையாது.

குறைப்பதா, முழுசா நிறுத்துவதா? எந்த அளவு மதுவும் உடம்புக்குப் பாதுகாப்பானது கிடையாது என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் வெளிப்படையாகவே சொன்னது. புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் மது 1988-லிருந்தே இருக்கிறது. ஆகவே நிறுத்துவதே நல்லது. ஒரு எல்லை வைத்துக் குறைக்கிறேன் என்பவர், அந்த எல்லையை மூன்று மாதத்தில் எத்தனை முறை மீறினார் என்று அதே நோட்ஸில் எழுதட்டும். மீறிக்கொண்டே இருந்தால், தனியாக முயற்சி செய்யும் கட்டம் தாண்டிவிட்டது.

கவனம்: தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் ஷேர் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

தினமும் நிறையக் குடிப்பவர், காலையில் நடுக்கம் வருபவர், ஏற்கெனவே நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், இவர்கள் வீட்டில் ரோஷத்தோடு "இன்னையிலிருந்து தொட மாட்டேன்" என்று தாங்களாகவே நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்து 6 முதல் 12 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆரம்பிக்கலாம். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாவது, மூன்றாவது நாளில் சிலருக்கு இடம், நேரம் தெரியாமல் குழப்பம், இல்லாத ஆட்களும் பூச்சிகளும் கண்ணுக்குத் தெரிவது, காய்ச்சல், கட்டுப்படாத படபடப்பு என்று முற்றும். இதைக் கவனிக்காமல் விட்டால் உயிர் போகலாம்.

சில வீடுகளில் இதைப் பார்த்துவிட்டு காத்து, கருப்பு அடிச்சிருச்சு என்று மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், "தினமும் குடிப்பார், நிறுத்தி ரெண்டு நாள் ஆச்சு" என்ற இரண்டு தகவலையும் முதலிலேயே சொல்லுங்கள். பக்கத்துக் கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் ஏற்றிவிட்டு வரலாம் என்பதும் ஆபத்து. நீண்ட நாள் குடிப்பவர்களுக்கு பி1 வைட்டமின் குறைந்திருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். ஆஸ்பத்திரியில் நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரைகளை முதலில் கூட்டிக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். டாக்டர் பார்வையில் செய்தால் இது பாதுகாப்பான சிகிச்சைதான்.

'அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலக்கலாம்'

பஸ் ஸ்டாண்ட் சுவரிலும் ஃபேஸ்புக்கிலும் இந்த விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். நொந்துபோன மனைவிகளையும் அம்மாக்களையும் குறி வைக்கும் விளம்பரம். அந்தப் பொடிகளில் பலவற்றில் என்ன இருக்கிறது என்று லேபிளே இருக்காது.

டைசல்ஃபிராம் என்று உண்மையாகவே ஒரு மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டுவிட்டு மது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, நெஞ்சு படபடப்பு, பிபி இறங்குவது என்று கடுமையான எதிர்வினை வரும். இதய நோய் உள்ளவருக்கு உயிரே போகலாம். அதனால்தான் நோயாளிக்கு முழுசாகச் சொல்லி, அவர் சம்மதம் வாங்கி, ஈரல், இதயம் எல்லாம் பார்த்த பிறகே டாக்டர்கள் கொடுப்பார்கள். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை எதிர்வினை வரலாம். ரசத்தில் கலந்து கொடுக்கிற பொருளா இது?

இதைத் தவிர, குடிக்கும் ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் இருக்கின்றன. எது யாருக்கு என்பதை மனநல மருத்துவர்தான் முடிவு செய்வார்.

வீட்டில் எப்படிப் பேசுவது?

குடித்துவிட்டு வந்திருக்கும்போது பேசாதீர்கள். அந்த நேரத்தில் நீங்கள் பேசுவது மதுவிடம்தான். அடுத்த நாள் தலைவலியோடு உட்கார்ந்திருக்கும்போதும் வேண்டாம். தெளிவாக இருக்கும் ஒரு நேரம், பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத இடம்.

"நீங்க குடிகாரர் ஆயிட்டீங்க" என்று ஆரம்பித்தால் கதவு மூடிக்கொள்ளும். நடந்ததை மட்டும் சொல்லுங்கள். "என்னங்க, போன மாசம் மூணு தடவை நைட்டு நடந்தது உங்களுக்கு ஞாபகமே இல்ல. புதன்கிழமை பாப்பாவைக் கூப்பிட மறந்துட்டீங்க. எனக்குப் பயமா இருக்கு. ஒரே ஒரு தடவை டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம், நானும் வர்றேன்." இதற்குப் பதிலாக அவர் கத்தலாம். அன்றைக்கு விட்டுவிட்டு, இன்னொரு நாள் அதையே சொல்லுங்கள்.

மகனிடம் பேசும் அப்பா, தானும் சாயங்காலம் குடிப்பவர் என்றால் முதலில் அதை ஒத்துக்கொண்டு ஆரம்பிப்பது நல்லது. "டேய், நானும் குறைக்கப் போறேன், நீயும் வா" என்பதற்கு இருக்கும் மரியாதை அட்வைஸுக்குக் கிடையாது.

பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சத்தியம் உடையும்போது அவர் குடியோடு சேர்த்து அந்தக் குற்ற உணர்வையும் குடிப்பார். பிள்ளைக்கு ஒரு சளி பிடித்தால்கூட 'அப்பாவாலதான்' என்ற பயம் மிச்சமாகும். அதேபோல ஆபீஸுக்குப் போன் செய்து "அவருக்குக் காய்ச்சல்" என்று சொல்வது, பார் கடனை அடைப்பது, இதையெல்லாம் அன்பில்தான் செய்கிறோம். ஆனால் விளைவை அவர் பார்க்கவே விடாமல் நாமே தடுத்துவிடுகிறோம்.

அடி, உதை இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சு டிப்ஸ் எதுவும் செல்லாது. முதலில் நீங்களும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். பெண்கள் உதவி எண் 181, அவசரத்துக்கு 112.

எங்கே போவது?

எய்ம்ஸ் மருத்துவமனை மத்திய அரசுக்காக எடுத்து, 2019-ல் வெளியான தேசிய ஆய்வில், நாட்டில் சுமார் 5.7 கோடிப் பேருக்கு மதுவால் உதவி தேவைப்படும் அளவுக்குப் பிரச்சினை இருப்பதாகத் தெரியவந்தது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். மீதி 37 பேரும் வசதி இல்லாதவர்கள் கிடையாது. எங்கே போவது என்று தெரியாதவர்களும், 'மெண்டல் ஆஸ்பத்திரிக்கா போறது' என்று கூச்சப்பட்டவர்களும் அதில் இருப்பார்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் 1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் குடிநோய் சிகிச்சை உண்டு. தனியார் தொண்டு அமைப்புகளில் பழமையானது, 1980-ல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.கே மருத்துவமனை. குடியால் கணவரை இழந்தவர் அவர். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களின் கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன, பெயர் சொல்ல வேண்டியதில்லை, கட்டணம் கிடையாது. குடும்பத்தினருக்கு அல்-அனான் என்று தனிக் குழு இருக்கிறது.

தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதாக இருந்தால், மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். டாக்டர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார், குடும்பத்தினர் போனில் பேசலாமா என்று கேளுங்கள். "ஆளை நாங்களே வண்டியில வந்து தூக்கிட்டுப் போயிடுவோம், மூணு மாசம் பார்க்க வராதீங்க" என்றால் அந்த இடம் வேண்டாம். சங்கிலியில் கட்டி வைப்பதை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. அடித்துத் திருத்துவதும் சிகிச்சை கிடையாது.

போனிலேயே பேசிப் பார்க்க வேண்டும் என்றால் மூன்று எண்கள். டெலி மானஸ் 14416, தமிழில் பேசலாம், 24 மணி நேரமும் இலவசம். தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104. போதைப் பழக்கத்துக்கான தேசிய உதவி எண் 14446. குடிப்பவரே பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை, வீட்டில் இருப்பவரும் கேட்கலாம். போன் போடும் முன் மூன்று விஷயங்களைக் கையில் வைத்துக்கொண்டால் நல்லது: ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எப்போது, முன்பு நிறுத்தியபோது நடுக்கமோ வலிப்போ வந்ததா.